பழந்துப்பாக்கிகளும் மிகையழுத்தச் சோதனையும்

கர்நாடக மாநிலத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது சாமராஜநகர் மாவட்டம். பிலிகிரிரங்கன் மலையும் பந்திப்பூர்க் காடும் இம்மாவட்டத்தின் விளைநிலங்களை நெருங்கி நிற்கின்றன. இத்தகைய காட்டோர ஊர்களில் பயிரைக் காப்பது உழவனுக்கு ஓயாத கவலையாகும். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் இத்தேவையை மனத்திற்கொண்டு, உண்மையான பயிர்ப் பாதுகாப்பிற்கென வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடமளித்துள்ளது.

இவ்வகைத் துப்பாக்கி ஒன்று தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறது எனக் கொள்வோம். அதன் வயது எவ்வளவு, குழல் எந்த இரும்பால் ஆனது, எத்தனை மழைக்காலங்களைக் கண்டது என்பன தெளிவாகத் தெரிவதில்லை. சுடும்போது குழலின் அடிப்பகுதி சுடுபவரின் முகத்திற்கு ஒரு முழத் தொலைவுக்குள் இருக்கிறது. இடது கையோ குழலையே தாங்கி நிற்கிறது. ஆகவே, ‘இக்குழல் தாங்குமா?’ என்பது கண்ணையும் கையையும் பற்றிய கேள்வியாகும். அதற்கு விடை காண, மருந்தை மிகுதியாகக் கெட்டித்து ஒருமுறை வெடித்துப் பார்த்தால் போதாதா எனத் தோன்றலாம். அவ்வாறு பார்ப்பதனால் என்ன விளையும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சோதனையின் வரலாறு

வழக்கமான அளவைவிட அதிக மருந்திட்டு வெடித்து, குழலின் வலிமையைக் காணும் முறைக்கு மிகையழுத்தச் சோதனை என்று பெயரிடலாம். இது மிகப் பழமையானது. இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காம் நகரில் 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிச் சோதனைச் சாலை ஏற்பட்டது. சோதனையில் தேறிய குழல்களில் முத்திரை பொறிக்கப்பெற்றது. இன்று ஐரோப்பிய நாடுகள் பல பின்பற்றும் பொதுவிதிகளின்படி, வேட்டைத் துப்பாக்கிகள் இயல்பான உச்ச அழுத்தத்தைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுந்த அழுத்தத்தில் சோதிக்கப்படுகின்றன.

இம்முறை புதிய குழல்களுக்கென வகுக்கப்பெற்றது என்பதை மறத்தலாகாது. புதிய குழலின் உலோகமும் சுவரின் கனமும் தெரிந்தவை. அது வெடித்துச் சிதறினாலும் இழப்பு ஒரு குழலே. பழந்துப்பாக்கியின் நிலை வேறு.

குழலினுள் நிகழ்வது

மருந்து எரியும்போது உண்டாகும் வாயு குழற்சுவரை வெளிநோக்கித் தள்ளுகிறது. இதனால் சுவரில், வண்டிச் சக்கரத்தின் பட்டை இழுபடுவதைப் போன்ற சுற்றிழுவிசை தோன்றுகிறது. இவ்விழுவிசை சுவரின் உட்புறத்திலேயே மிக அதிகம் என்பதைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாமே 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த சமன்பாடு காட்டுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். குழலின் உள்விட்டம் 18 மில்லிமீட்டர், சுவரின் கனம் 6 மில்லிமீட்டர், வழக்கமான அழுத்தம் 50 மெகாபாஸ்கல் எனக் கொள்வோம். அப்போது உட்சுவரில் தோன்றும் இழுவிசை ஏறத்தாழ 106 மெகாபாஸ்கல். அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கிச் சோதித்தால் அது 159 ஆகும். தேனிரும்பின் மீட்சி எல்லை ஏறத்தாழ 200 மெகாபாஸ்கல் ஆதலின், இக்குழல் சோதனைக்குப்பின் பழைய வடிவை அடையும்.

அதே குழல் வெளிப்புறத் துருவால் தேய்ந்து, சுவர் 3 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது எனக் கொள்வோம். வழக்கமான அழுத்தத்தில் இழுவிசை 179. இது எல்லைக்குள் அடங்குகிறது. சோதனை அழுத்தத்திலோ 268 ஆகிறது. இது மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் நல்ல தேனிரும்பு அறுந்துபோகும் அளவாகிய சுமார் 320-ஐ எட்டவில்லை. ஆகவே குழல் வெடிக்காது. சோதித்தவர் மகிழ்ச்சியுடன் அதனை வீட்டிற்கு எடுத்துச் செல்வார். உண்மையில் குழல் சற்றே விரிந்து, சுவர் மேலும் மெலிந்து, முன்னிருந்ததைவிட வலுக்குறைந்த நிலையை அடைந்திருக்கும். ‘தேறிற்று’ என்ற தீர்ப்பைத் தந்த சோதனையே குழலைக் கெடுத்தும் விட்டது.

வெடிப்புகளும் கசடும்

மேற்கண்ட கணக்கு குறையற்ற உலோகத்திற்குப் பொருந்தும். பழைய தேனிரும்பில் கசடு இழைகள் குழலின் நீளவாட்டில் ஓடுவதுண்டு. சுற்றிழுவிசையோ அவ்விழைகளுக்குக் குறுக்காக இழுக்கிறது. விறகை இழைவழியே பிளத்தல் எளிதாவதைப் போல, இரும்பும் இத்திசையில் வலுக்குறைந்து நிற்கும். காய்ச்சி அடித்து ஒட்டிய பொருத்து முழுமையாக ஒட்டாதிருப்பின் ஆங்கு நுண்ணிய வெடிப்பு மறைந்திருக்கும். மிகையழுத்தம் அவ்வெடிப்பைச் சிறிது வளர்த்துவிட்டு நின்றுவிடலாம். பின்னர் வழக்கமான மருந்தே அதனை முழுதும் திறந்துவிடப் போதுமானது.

ஒரு சில சோதனை வெடிகளை நம்பியதால் நேர்ந்த கேட்டிற்கு அமெரிக்க வரலாறு சான்று தருகிறது. 1844-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் ‘பிரின்ஸ்டன்’ என்னும் போர்க்கப்பலில், தேனிரும்பால் செய்யப்பெற்ற பெரும்பீரங்கி ஒன்று விருந்தினர் முன்னிலையில் வெடித்துச் சிதறியது. மிகச் சிலமுறையே சுட்டுப் பார்த்து அது தகுதியுடையதென ஏற்கப்பட்டிருந்தது. வெளியுறவு அமைச்சரும் கடற்படை அமைச்சரும் உட்பட அறுவர் மாண்டனர். சோதனையைத் தாங்குவது வேறு, உலோகத்தின் தரம் வேறு என்னும் உண்மையை இத்தகைய விபத்துகள் உணர்த்தின; பீரங்கி உலோகத்தையே துண்டெடுத்து ஆராயும் வழக்கமும் வலுப்பெற்றது.

மரியாதை வேட்டும் அரும்பொருளும்

மைசூர் தசரா விழாவில் அரண்மனையைச் சேர்ந்த பழைய பீரங்கிகள் ஏழினைக்கொண்டு 21 வேட்டுகள் முழங்குகின்றன. ஓசைக்கு யானைகளைப் பழக்குவதற்காக விழாவிற்கு முன்னரே ஒத்திகைகளும் நடைபெறும். அவ்யானைகளுள் சில சாமராஜநகர் மாவட்டத்து முகாம்களிலிருந்து வருபவை. இவ்வேட்டுகளில் குண்டு இடப்படுவதில்லை. தடுக்கும் குண்டு இல்லாமையால் வாயு எளிதில் வெளியேற, அழுத்தம் மிகவும் குறைந்தே எழுகிறது. எனவே, பல்லாண்டு மரியாதை வேட்டு முழக்கிய பீரங்கி, குண்டிட்டுச் சுடவும் வல்லது என முடிவு செய்தல் தவறாகும். மரியாதை வேட்டிலும் அபாயம் முற்றிலும் நீங்கவில்லை. உள்ளே கனன்று நிற்கும் ஒரு பொறி அடுத்த மருந்துப் பொதியைப் பற்றவைக்கக்கூடும். ஒவ்வொரு வேட்டிற்குப் பின்னும் ஈரத் துடைப்பான் இடுவது அதற்காகவே.

ஸ்காட்லாந்தில் எடின்பரோக் கோட்டையிலுள்ள ‘மோன்ஸ் மெக்’ என்னும் 15-ஆம் நூற்றாண்டுப் பீரங்கி, 1680-களின் தொடக்கத்தில் மரியாதை வேட்டு முழக்கும்போதே பிளந்தது. அதனைப் போன்றே நீண்ட இரும்புப் பட்டைகளும் வளையங்களும் சேர்த்து அடித்து உருவாக்கப்பெற்றது, தஞ்சைப் பீரங்கி மேட்டில் உள்ள ஏறத்தாழ 7.5 மீட்டர் நீளமுடைய பெரும்பீரங்கி. அத்தகைய அரும்பொருளை வெடித்துச் சோதிப்பதால் அறியத்தக்கது எதுவுமில்லை, இழக்கத்தக்கதோ ஈடற்றது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் முதலியோர் அதன் அமைப்பையும் இரும்பையும் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சிக்கு வெடி தேவைப்படவில்லை.

வெடிக்காமல் காணும் வழிகள்

எனவே பழங்குழலின் ஆய்வு எளிய முறைகளிலிருந்து தொடங்குதல் வேண்டும். முதலாவதாக, குழல் காலியாக உள்ளதா எனக் காண்க. பழைய துப்பாக்கிகளில் பல்லாண்டுக்கு முன் கெட்டித்த மருந்து அப்படியே தங்கியிருப்பதுண்டு. கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டு, அதன் ஆழத்தைக் குழலின் வெளிநீளத்துடன் ஒப்பிட்டால் இது விளங்கும். ஐயம் எழுந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளரே அதனை அகற்றவேண்டும்.

இரண்டாவதாக, குழலின் உள்ளும் புறமும் நன்கு துடைத்து, ஒளி செலுத்திக் காணவேண்டும். முன்னாளில் பீரங்கிச் சோதனைச் சாலைகளில் கண்ணாடியால் சூரிய ஒளியை உட்செலுத்திக் குழிகளைத் தேடினர். நீரை அழுத்தத்துடன் புகட்டிக் கசிவையும் நோக்கினர். மூன்றாவதாக, சுவரின் கனத்தையும் உள்விட்டத்தையும் பல இடங்களில் அளத்தல் வேண்டும். அடிப்பகுதியிலும் தீத்துளையைச் சூழ்ந்த இடத்திலும் சிறப்பாகக் கருத்துச் செலுத்துக. அழுத்தமும் துருவும் ஆங்கே மிகுதி.

இவற்றிற்குப் பின்னரே கருவிகளின் உதவி. காந்தமூட்டிய குழல்மீது இரும்புத் துகள் தூவினால், மேற்பரப்பு வெடிப்புகள் உள்ள இடத்தில் துகள் வரிசையாகப் படியும். கேளா ஒலி அலைகள் சுவரின் கனத்தையும் உட்குறைகளையும் காட்டும். எக்ஸ்-கதிர்ப் படம் உட்புழைகளை வெளிப்படுத்தும். இச்சோதனைகள் குழலின் வலிமையில் ஓர் அணுவையும் குறைப்பதில்லை.

இவற்றில் ஒன்றிலேனும் குறை காணப்பட்டால் அத்துப்பாக்கியைச் சுடுதலாகாது. குறையொன்றும் காணாவிடில், மிகையழுத்தச் சோதனை தகுதிபெற்ற நிலையத்தில், மறைவிடத்திலிருந்து இயக்கிச் செய்யத்தக்கது. சோதனைக்கு முன்னும் பின்னும் உள்விட்டத்தை அளந்து ஒப்பிடாவிடில் அச்சோதனை பயனற்றதாகும். நிலையான விரிவு சிறிதளவு காணினும் அக்குழல் தேறவில்லை. கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி உப்புக்களாகவும் கரியாகவும் எஞ்சுகிறது. அவ்வுப்புக்கள் ஈரத்தை ஈர்த்துத் துருவை வளர்க்கும். ஆதலின் சோதித்த அன்றே வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இடுதல் இன்றியமையாதது.

துப்பாக்கியை மரத்தோடு கட்டி, மும்மடங்கு மருந்திட்டு, கயிற்றால் விசையை இழுத்துப் பார்த்தல் சோதனையன்று. அழுத்தம் எவ்வளவு எழுந்தது என்பதும், குழல் எவ்வளவு விரிந்தது என்பதும் அதில் தெரிவதில்லை. முத்திரை பொறித்த குழலைப் பற்றியும் இதனை நினைவிற் கொள்க: அம்முத்திரை, பொறிக்கப்பெற்ற நாளில் குழல் இருந்த நிலையை மட்டுமே கூறுகிறது. கருமருந்திற்கெனத் தேறிய குழலில் புகையிலா மருந்தை இடுதல் உயிருக்கே கேடாகும்.

பழந்துப்பாக்கியில் எஞ்சியுள்ள வலிமை ஒரு சேமிப்பைப் போன்றது. மிகையழுத்தச் சோதனை அச்சேமிப்பு இருக்கிறதா என்று கேட்கும்போதே அதில் ஒரு பகுதியைச் செலவிட்டும் விடக்கூடும். அளவுகோலும் ஒளியும் கேளா ஒலியும் செலவின்றி விடை தருகின்றன. அவற்றை முதலில் கேட்பதே உழவனின் கைக்கும் கண்ணுக்கும், முன்னோர் விட்டுச்சென்ற பொருளுக்கும் காவலாகும்.