குடியை விட்டவர் வீடு திரும்பும்போது



குடியை நிறுத்தும் மாத்திரையை ரசத்திலோ காபியிலோ கணவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கலாமா என்று சகோதரிகள் எங்களிடம் கேட்பதுண்டு. வேண்டாம் என்றே சொல்லுகிறோம். டைசல்ஃபிராம் உடலில் இருக்கையில் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் சொற்படியே அதை உட்கொள்ள வேண்டும்.

நாள்தோறும் குடித்தவரை அறையில் பூட்டிவைத்து நிறுத்துவதும் தவறு. இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அந்நாட்களை மருத்துவமனையில் கழிப்பதே நலம்.

வீடு திரும்பியபின் பழைய கணக்கைத் தினமும் எடுத்து, கெட்ட குமாரனின் அண்ணனைப்போல் வாசலில் நிற்காதிருப்போம். (எளிதல்ல, அறிவோம், அடிபட்டவர்கள் அவர்கள்தானே.) அதற்காக அவருடைய குடிக்கடனை அடைக்கவும் வேண்டாம், வேலைத்தலத்தில் காய்ச்சல் என்று பொய் சொல்லவும் வேண்டாம். சபையாரே, கலியாண வீட்டில் "ஒரு நாள்தானே" என்று யாரும் அவரை அழைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி குடித்துவிட்டாரா? அன்றே அழைத்து வாருங்கள்; வெட்கப்பட்டு மாதக்கணக்கில் தாமதிக்க வேண்டாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே 1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் கூட்டங்களும் உண்டு. கணவர் சிகிச்சைக்கு வர மறுத்தாலும் மனைவி அங்கே போகலாம்.