கோடையில் கூடாரம்: நண்பர் குழுவுக்கு ஏற்ற மலையைத் தெரிவு செய்தல்

ஏப்ரல், மே மாதங்களில் தமிழக மலைகளில் கூடாரமிட்டுத் தங்க விரும்பும் நண்பர் குழுக்கள் முதலில் பேசுவது குளிரையும் காட்சியழகையும் பற்றியே. ஆனால் அப்பயணம் நன்றாக அமையுமா என்பதை முடிவு செய்பவை வேறு மூன்று வினாக்கள்: அந்த இடத்தில் கோடையிலும் நீர் இருக்கிறதா, சுற்றியுள்ள நிலம் எளிதில் தீப்பற்றக்கூடியதா, அந்நிலம் யாருக்கு உரியது. விடுதி அறையில் தங்குவோர் இவற்றை விடுதியாளரின் பொறுப்பில் விட்டுவிடலாம். துணிச்சுவருக்குள் உறங்குவோர் தாமே விசாரித்து அறிந்தாக வேண்டும்.

குளிரைப் பொறுத்தவரை, எந்த மலையும் பகலிலும் குளிராகவே இருக்கும் என்னும் தவறான நம்பிக்கையை முதலில் களைவது நல்லது. உயரம் கூடக்கூடக் காற்றின் வெப்பம் குறைந்துகொண்டே செல்லும் அளவு வெப்பத் தாழ்வு வீதம் எனப்படும். அது சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ். இதன்படி, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரியில், அடிவாரத்து வாணியம்பாடியைவிட ஐந்து டிகிரி அளவுக்கே வெப்பம் குறைந்திருக்கும் என்பதாலும், வெயில் படும் கூடாரத்தின் உட்புறம் வெளிக்காற்றைவிடச் சூடேறும் என்பதாலும், மே மாத நண்பகலில் அங்கே கூடாரத்துக்குள் ஓய்வெடுக்க இயலாது. எனவே ஏலகிரி, மாலையில் ஏறி மறுநாள் காலையில் இறங்கும் ஓரிரவுப் பயணத்துக்கு மட்டுமே ஏற்றது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காபித் தோட்டங்களின் நிழலோடு இருக்கும் ஏற்காடு பகலிலும் தாங்கத்தக்கது. ஆனால் விடுமுறை நாள்களின் நெரிசல் அங்கே கூடாரத்தின் அமைதியைப் பெரிதும் குலைத்துவிடுகிறது.

2,000 மீட்டரைக் கடந்த நீலகிரியும் கொடைக்கானலும் வேறு வகையைச் சேர்ந்தவை. மேகமூட்டமும், புல்வெளிகளுக்கிடையே பள்ளங்களில் வளரும் சோலை என்னும் குட்டை மரக்காடுகளின் ஈரமும் சேர்ந்து அங்கே வெப்பத்தை மேற்கண்ட கணக்கைவிடவும் தணிக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இவ்விரு பகுதிகளுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் நாளொன்றுக்கான வாகன வரம்பு விதிக்கப்பட்டது. ஆகவே, இரண்டு மூன்று வண்டிகளில் கிளம்பும் குழு வார நாளைத் தேர்ந்து முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால், ஒரு வண்டிக்கு அனுமதி கிடைத்து மற்றொன்றுக்குக் கிடைக்காமல் போகலாம். உதகை நகரைச் சுற்றிக் கூடாரமிடுவதைவிட, கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்ப்புறங்களைத் தெரிவு செய்வதே சிறந்தது. பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே அங்கே வீட்டு மனைகளும் தோட்டங்களும் உண்டு என்பதால் நீருக்கும் உதவிக்கும் மனிதர்கள் அருகிலிருப்பர். இரவுக் குளிருக்குப் போர்வை மட்டும் போதாது. உடலிலிருந்து வெப்பத்தை ஈர்ப்பது பெரும்பாலும் தரையே என்பதால், அடியில் விரிக்கும் தடித்த நுரைப்பாயும் இன்றியமையாதது.

கொல்லிமலை தனியே பேசத்தக்கது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறும் இம்மலையின் மேற்பரப்பு, ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், கூரிய சிகரங்களாக இல்லாமல் மேடும் பள்ளமுமான ஊர்களாகவும், மிளகுக்கொடி படர்ந்த மரங்களும் பலாவும் அன்னாசியும் சிறுதானியங்களும் விளையும் நிலங்களாகவும் விரிந்து கிடக்கிறது. குளிரில் கொடைக்கானலுக்கு அது ஈடாகாது. வளைவுகளில் சிலருக்குக் குமட்டலும் உண்டாகும். என்றாலும், மரநிழலும் குடியிருப்பும் அடுத்தடுத்து அமைந்திருப்பதாலும், காட்டு யானைகளின் நடமாட்டம் இல்லாததாலும், முதன்முறையாகக் கூடாரத்தில் தங்கும் குழுவுக்கு இம்மலையே மிகப் பொருத்தமானது. ஆகாயகங்கை அருவிக்கு இறங்க 1,000க்கும் மேற்பட்ட படிகள் இருப்பதையும், கோடையில் அருவி மெலிந்துவிடுவதையும் கருதி, அதை மட்டுமே நம்பி நாளை ஒதுக்காமல் இருப்பது நல்லது. குழுவில் மூட்டுவலி உள்ள ஒருவர் இருந்தாலும் அவரது நடையே அனைவரது திட்டத்துக்கும் அளவுகோலாக வேண்டும்.

காட்சியை மட்டும் கருதினால் கொழுக்குமலைக்கு நிகர் அரிது. தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் சாலை வழியே செல்வோர் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் அடையக்கூடிய இத்தேயிலை மலையில், மேகக்கடலுக்கு மேலே கதிரவன் எழும் காட்சிக்காகக் கூடாரத்தில் இரவைக் கழிப்போர் பலர். ஆனால் வழியிலுள்ள சின்னக்கானல் பகுதி யானைகளின் வாழிடம். அரிக்கொம்பன் என்னும் யானை 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டது அங்கேதான். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்ததை எண்ணினால், யானை உலவும் வால்பாறையிலும் இத்தகைய பிற இடங்களிலும் கூடாரத்தைவிட உறுதியான சுவருள்ள அறையே தக்கது என்பதில் ஐயமில்லை.

தீயைப் பற்றிய எச்சரிக்கை இன்னும் அழுத்தமாகச் சொல்லத்தக்கது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் பற்றிய காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் உயிரிழந்தனர். மேலெழும் வெப்பம் சரிவின் மேற்பகுதியிலுள்ள புல்லை முன்னரே உலர்த்திவிடுவதால் தீ மலையில் மேல்நோக்கி விரைந்து ஏறும். மனிதர் ஓடும் வேகம் அதற்கு ஈடாகாது. இதனால் காய்ந்த புற்சரிவின் மேல்விளிம்பில் கூடாரமிடுவது, காட்சி எத்துணை அழகாயினும், கோடையில் அறவே தவிர்க்கத்தக்கது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களுடன் தமிழக வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டமும், 2025இல் பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை தீ அச்சத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. முகாம்தீயை விரும்பும் குழு, நில உரிமையாளர் அமைத்த தீக்குழியில் மட்டும் அதை மூட்டி, உறங்குமுன் நீரூற்றிக் கிளறி, சாம்பல் கைக்குக் குளிர்ந்ததை உறுதி செய்ய வேண்டும்.

நில உரிமையும் இதனோடு இணைந்ததே. வனச் சட்டத்தின்படி அரசு அறிவித்த காடு காப்புக்காடு எனப்படும். அனுமதியின்றி அதில் நுழைந்து தங்குவது குற்றமாகும். வருவாய்த்துறை ஆவணத்தால் தனியாருக்கு உரியதான பட்டா நிலத்தில் தங்குவதே இயல்பான வழி; ஆனால் பணம் செலுத்துமுன் அந்நிலம் பட்டாவா, கழிப்பறை உண்டா, மே மாதத்திலும் கிணறு ஊறுகிறதா என்று கேட்டறிய வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்கு 5 லிட்டர் எனக் கொண்டால், அறுவர் கொண்ட குழுவுக்கு இரண்டு நாளுக்கு 60 லிட்டர், அதாவது 60 கிலோ எடை; வண்டி நிற்கும் இடத்திலிருந்து கூடாரம் தொலைவில் இருந்தால் இதைச் சுமக்க முடியாது.

கோடை மழை பிற்பகலில் இடியோடு வருவது வழக்கம். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருப்பதாகப் பொருள். கூடாரம் அதிலிருந்து காக்காது என்பதால் மூடிய காருக்கோ கட்டடத்துக்கோ சென்றுவிட வேண்டும். வறண்ட ஓடைப் படுகை சமதளமாக இருப்பினும், மேலே பெய்யும் மழை நிமிடங்களில் அதில் இறங்கிவிடும்.

காலமும் தெரிவை மாற்றும். மே மாத வார நாள்களில் விடுப்பு எடுக்க இயலும் குழுவுக்கு மன்னவனூர்ப் பக்கமும், வார இறுதி மட்டுமே வாய்க்கும் குழுவுக்குக் கொல்லிமலையும் பொருந்தும். ஜூன் பிறந்தபின் மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை வலுக்கத் தொடங்குவதால், அப்போதுதான் ஒன்றுகூட முடியும் நண்பர்கள், அம்மழையின் முழு வீச்சு எட்டாத கொல்லிமலையையோ ஏற்காட்டையோ நாடலாம்.