தாழ்தளப் பேருந்து யாருக்காக?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சென்னையில் தினமும் தாழ்தளப் பேருந்தில் அலுவலகம் போய் வருகிறேன், இதுவரை அதில் ஒரு சக்கர நாற்காலிகூட ஏறிப் பார்த்ததில்லை, யாரும் பயன்படுத்தாத வசதிக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பலருக்கும் உள்ள கேள்வி என்பதால் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் கிட்டத்தட்ட 11.8 லட்சம் பேர். நீங்கள் பார்க்கவில்லை என்பதால் அவர்கள் இல்லை என்றாகிவிடாது. பேருந்து வரைக்கும் அவர்களால் வந்து சேர முடியவில்லை.

ஒரு பெண் சக்கர நாற்காலியில் வீட்டு வாசலைத் தாண்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதை இருந்தால் ஏறுவதற்குச் சரிவு இருக்காது. சரிவு இருந்தால் நான்கு வீடு தள்ளி மின்சாரப் பெட்டி வழியை அடைத்து நிற்கும். அதைத் தாண்டினால் வரிசையாக பைக்குகள். வேறு வழியில்லாமல் தண்ணீர் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் சாலையிலேயே உருட்டிக்கொண்டு வர வேண்டும். நிறுத்தத்துக்கு வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே ஆட்டோக்கள் நிற்கின்றன. ஓட்டுநரால் ஓரம் கட்ட முடியவில்லை, நடுச்சாலையிலேயே நிறுத்துகிறார். நாமெல்லாம் ஓடிப்போய் ஏறிவிடுகிறோம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தாழ்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிறுத்தத்தில் பேருந்து ஒரு பக்கமாகச் சற்றே தாழ்ந்து கொடுக்கும். நடுவாசலில் மடக்கி வைத்திருக்கும் சாய்பலகையை நடத்துநர் விரிக்க வேண்டும். அதன் மறுமுனை நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தால் ஏற்றம் லேசாக இருக்கும். சாலையில் விழுந்தாலோ செங்குத்தாகிவிடும். பின்னாலிருந்து ஆள் தள்ளாமல் ஏற முடியாது. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும் என்பது கட்டடங்களுக்கான விதி. பேருந்தின் பலகையோ ஒரு ஆள் கைவிரிக்கும் நீளம்கூட இருக்காது. ஆகவே பேருந்து எவ்வளவு நல்லதானாலும், ஓரம் கட்டி நின்றால்தான் அது தாழ்தளப் பேருந்து. நடுச்சாலையில் நின்றால் அந்தப் பெண்ணுக்கு அதுவும் பழைய பேருந்துதான்.

பழைய பேருந்தின் தளம் ஏறத்தாழ 900 மில்லிமீட்டர், அதாவது மூன்றடி. காரணம் எளிது. நம் ஊரில் வெகுகாலம் லாரிக்கான அடிச்சட்டத்தின் மீதே பேருந்துக் கூடு கட்டினார்கள். சரக்குக்காக அமைத்த உயரத்துக்கு மனிதர்கள் ஏறிப் பழகிக்கொண்டோம். முழங்கால் வலியுள்ள ஒரு அம்மா அதில் ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். கூடையை முதலில் படியில் வைப்பார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடிப்பார். ஒரு காலைத் தூக்கி வைத்து, மறுகாலை இழுக்கும்போது வண்டி நகர்ந்துவிடும். தாழ்தளப் பேருந்தில் அதே அம்மா நடந்து உள்ளே வருகிறார். கர்ப்பிணி வருகிறார், காலில் கட்டுப்போட்ட மாணவன் வருகிறான். சக்கர நாற்காலியை மட்டும் தேடும் கண்ணுக்கு இவர்கள் பயனாளிகளாகத் தெரிவதில்லை. அந்தப் பேருந்தில் நீங்களும் நானும்கூடப் பயனாளிகள்தான்.

இந்தப் பேருந்துகள் தாமாக வந்துவிடவில்லை. முதல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1995-இல் வந்தது. சென்னையில் பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஆனாலும் அந்த உயரமான நிலையங்கள் படிக்கட்டுகளை நம்பியே கட்டப்பட்டன. அந்தப் பொருத்தமின்மையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2016-இல் வந்த புதிய மாற்றுத்திறனாளிகள் சட்டம் போக்குவரத்து வசதியைக் கடமையாக்கியது. அதன் பிறகும் சாலை சரியில்லை, மழைநீர் தேங்கும், அதனால் தாழ்தளப் பேருந்து சரிப்படாது என்று உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வாதிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடும் வைஷ்ணவி ஜெயக்குமார் போன்றவர்கள் அந்த வழக்கை விடாமல் நடத்தினார்கள். 2024 ஆகஸ்டில்தான் புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைக்கு வந்தன. 2025-இல் மின்சாரப் பேருந்துகளும் சேர்ந்தன. சாலை மோசம் என்றால் சாலையைச் செப்பனிட வேண்டும். அதைச் சாக்காக வைத்து ஒருவரை வீட்டிலேயே இரு என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருக்கக் கூடாது, கட்டாய விதிகளாக வகுக்க வேண்டும் என்று சொன்னது. மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, பார்வையற்றோருக்கான தடத்தரை இருக்கிறது. ஆனால் நிலைய வாசலைத் தாண்டியதும் அந்தத் தடம் முடிந்துவிடுகிறது. சாதாரணப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணமில்லை, துணைக்கு வருபவருக்கும் இல்லை. நல்ல திட்டம்தான். ஆனால் பலரைத் தடுப்பது டிக்கெட் விலையைவிடப் படிக்கட்டுதான்.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். ஏற்கெனவே பேருந்துக்குச் செலவழித்தாகிவிட்டது. மிச்சமிருப்பது நிறுத்தங்களும் நடைபாதைகளும். அதைச் செய்யாமல் விட்டால்தான், நீங்கள் சொல்வதுபோல, போட்ட பணம் வீண்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் தினமும் ஏறும் நிறுத்தத்தை நாளை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். நடைபாதைக்குச் சரிவு இல்லையென்றால், கம்பமோ கடையோ மறித்தால், மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். நிறுத்தத்தில் வண்டியை விட்டுப்போகும் நண்பர்களிடம் சொல்லுங்கள். என்றாவது நடத்துநர் அந்தப் பலகையை விரிக்கும்போது, "நேரமாகுது" என்று யாராவது முணுமுணுத்தால், "ஏறட்டும், இருங்க" என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்