நுரை அள்ளும் கருவி: எந்த அளவு பொருந்தும்?

கடற்கரையில் அலை மீளும்போது மணலில் வெண்ணுரையை விட்டுச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். தூய நீரை எவ்வளவு கலக்கினாலும் இப்படி நுரை நிற்பதில்லை. மடிந்த நுண்ணுயிர்களிலிருந்தும் பாசிகளிலிருந்தும் கடல்நீரில் கரைந்த புரதம் முதலிய கரிமப் பொருள்கள்தாம் குமிழிகளை உடையாமல் தாங்குகின்றன. கடல் தன் அழுக்கில் ஒரு சிறு பகுதியை இவ்வாறு கரையில் ஒதுக்குகிறது. கடல்நீர் மீன்தொட்டியிலும் இதே வேலையைச் செய்ய ஒரு கருவி உண்டு. 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்பது அதன் பெயர். நாம் அதை நுரைப் பிரிப்பான் என்று அழைப்போம்.

ஏன் தேவை?

கடல் பரந்தது, மீன்தொட்டியோ மூடிய சிற்றுலகம். மீன் தின்னாமல் விட்ட இரை, அதன் கழிவு, உடலின் வழுவழுப்பு எல்லாம் அதே நீரில்தான் கரைகின்றன. அவற்றிலுள்ள புரதத்தைப் பாக்டீரியங்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. மிகச் சிறிதளவு அம்மோனியாகூட மீனின் செவுளைத் தாக்கும். வேறு சில பாக்டீரியங்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நுரைப் பிரிப்பானோ புரதம் சிதையுமுன்பே அதை நீரிலிருந்து வெளியேற்றுகிறது. அழுகிய பின் துப்புரவு செய்வதைவிட அழுகுமுன் அகற்றுவது எளிதல்லவா?

எப்படி வேலை செய்கிறது?

புரத மூலக்கூறின் சில பகுதிகள் நீரை விரும்புபவை. சில பகுதிகள் நீரை வெறுப்பவை. நீரில் காற்றுக் குமிழி ஒன்று எழும்போது, வெறுக்கும் பகுதி காற்றின் பக்கமும் விரும்பும் பகுதி நீரின் பக்கமுமாக, மூலக்கூறு குமிழியின் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது.

கருவியின் உடல் ஓர் உருளை. பம்பிலுள்ள ஊசிச் சக்கரம் காற்றையும் நீரையும் அடித்துக் கலந்து நுண்குமிழிகளாக்கி உருளைக்குள் அனுப்புகிறது. புரதம் சுமந்த குமிழிகள் மேலேறிக் குறுகிய கழுத்தில் நுரையாக நெருங்குகின்றன, நீர் வடிகிறது, கெட்டிப்பட்ட நுரை உச்சியிலுள்ள கிண்ணத்தில் வழிகிறது. கிண்ணத்தில் சேரும் பழுப்பு நீரின் நாற்றமே கருவி வேலை செய்ததற்குச் சான்று!

குமிழியின் கணக்கு

புரதம் ஒட்டுவது குமிழியின் பரப்பில்தான். ஆகவே பரப்பு பெருகினால் வேலையும் பெருகும். ஒரு லிட்டர் காற்றை 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாகப் பிரித்தால் சுமார் 15,000 குமிழிகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 1.2 சதுர மீட்டர், அதாவது ஒரு மேசைப் பலகை அளவு. அதே காற்றை 0.5 மில்லிமீட்டர் குமிழிகளாக்கினால் சுமார் ஒன்றரைக் கோடி குமிழிகள்! மொத்தப் பரப்பு 12 சதுர மீட்டர். அது ஓர் அறையின் தரை அளவு. விட்டம் பத்தில் ஒன்றானால் பரப்பு பத்து மடங்காகிறது. மேலும், சிறு குமிழி மெதுவாக ஏறுவதால் புரதம் வந்து ஒட்டுவதற்கு நேரமும் கிடைக்கிறது.

அளவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் நீரின் அளவைக் காண்போம். 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 45 செ.மீ. உயரத்துக்கு நீர் நிற்பதாகக் கொள்வோம்.

120 × 45 × 45 = 2,43,000 கன செ.மீ. = 243 லிட்டர்

மணலும் பாறையும் அடைக்கும் இடத்துக்கு 43 லிட்டரைக் கழித்தால் உண்மையான நீர் 200 லிட்டர். அப்படியானால் '200 லிட்டருக்கு உரியது' என்று எழுதிய கருவியை வாங்கிவிடலாமா? அவசரம் வேண்டாம். கருவி எதிர்கொள்வது நீரை அல்ல. நீரில் கரைந்த புரதத்தை.

ஒரே அளவுள்ள இரு தொட்டிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் நான்கு சிறு கோமாளி மீன்கள். நாளொன்றுக்கு 1 கிராம் இரை. மற்றதில் பெருந்தீனி தின்னும் பெரிய மீன்கள்; 10 கிராம் இரை. இரையில் 40 விழுக்காடு புரதம் என்றால் முதல் தொட்டிக்குள் 0.4 கிராமும் இரண்டாவதில் 4 கிராமும் புரதம் செல்கின்றன. நீர் ஒன்றே, சுமையோ பத்து மடங்கு! எனவே மீன் குறைவான தொட்டிக்கு நீரின் அளவுக்கு ஏற்ற கருவியே போதும். மீன் நெருக்கமான தொட்டிக்கு அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீருக்கு உரிய கருவியைத் தேர்வது வழக்கம்.

'பெரிதாகவே வாங்கினால் என்ன?' என்று கேட்பீர்கள். கருவி பெரிதானால் கழுத்தும் அகலமாகும். அதை நிரப்பும் அளவுக்குப் புரதம் இல்லையென்றால் நுரை கிண்ணத்தை எட்டுமுன்பே உடைந்து நீரிலேயே விழுந்துவிடும். மின்சாரம் செலவாகும், கிண்ணமோ காலி. கருவி சிறிதானால் கிண்ணம் விரைவில் நிரம்பும். ஆயினும் அழுக்கு தொட்டியில் மிஞ்சும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எந்த நுரைப் பிரிப்பானும் நீரிலுள்ள கரிமப் பொருள் முழுவதையும் நீக்குவதில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலார் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், கருவிகள் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் நீக்கின. மீன் செவுள் வழியே நேராக வெளிவிடும் அம்மோனியாவும் நுரையில் பிடிபடாது. ஆகவே பாக்டீரிய வடிகட்டியும், அவ்வப்போது நீர் மாற்றுவதும், அளவாக இரையிடுவதும் என்றும் தேவை.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் பாதியளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் அரை லிட்டருக்கு மூன்று தேக்கரண்டி உப்பு என்ற கணக்கில் கரைத்து, இரண்டையும் மூடி நன்றாகக் குலுக்குங்கள். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி விரைவில் மறையும். உப்புநீரில் நுண்குமிழிகள் சேராமல் சற்று நேரம் நிற்பதால் நீர் மங்கலாகத் தெரியும். நுரைப் பிரிப்பான் கடல்நீர்த் தொட்டிக்கே நன்கு பொருந்துவதன் காரணம் இப்போது விளங்குகிறதா?

பிறகு ஒவ்வொன்றிலும் சில துளி முட்டை வெண்கருவை இட்டு மீண்டும் குலுக்குங்கள். வெண்கருவிலுள்ள புரதம் நுரையைத் தாங்கி நிற்கச் செய்யும். துளிகளைக் கூட்டியும் குறைத்தும் நுரையின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் அளவை மாற்றாமலே நுரையின் உயரம் மாறுவதைக் காண்பீர்கள்.