இன்ஜெக்டர் கசிவு

ஜபல்பூரில் முன்னர்ச் செய்யப்பட்ட சக்திமான் போன்ற பழைய இராணுவ டீசல் லாரியை ஏலத்தில் எடுக்கும் சங்கத்தார், முதலில் இன்ஜெக்டர்களைச் சோதித்தல் வேண்டும். குழாய் இணைப்பில் கசிந்தால், துடைத்து அளவாக முடுக்குக. மீள்குழாயில் கசிந்தால், செம்பு வாஷரைப் புதிதாக இடுக. பெரும்பாலும் கசிவு நின்றுவிடும். கரும்புகையும் தட்டும் ஓசையும் எழுந்தால், நாசிலின் உள்ளே சொட்டுகிறது என ஐயுறலாம். அப்படியே ஓட்டினால் டீசல் வீணாவதோடு பிஸ்டனும் கெடும். நாசிலும் ஊசியும் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தப்பட்ட இணைகள். ஊசியை மாற்றி இடலாகாது. பழுது பார்த்தபின், சோதனைப் பம்பில் வைத்து, செய்தோர் குறித்த அழுத்தத்தில் பீச்சுகிறதா என்று காண்க.

நாம் வற்புறுத்துவது ஒன்று: பீச்சும் டீசலின் எதிரே கை நீட்டலாகாது. அது தோலைத் துளைத்து உட்புகும். புள்ளியளவு காயமாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்க. தாமதித்தால் விரலையே இழக்க நேரும்.