கண் சாலையில், விரல் பட்டனில்: வீட்டிலேயே பட்டன் பாக்ஸ் செய்வோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 69 மீட்டர் கடந்துவிடும். கணினியில் கார் ஓட்டும் சிம் ரேசிங்கில், பிட் பாதையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிட் லிமிட்டர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று கீபோர்டைக் குனிந்து பார்க்கவும் அதே ஒரு நொடிதான் ஆகும். நிமிர்ந்து பார்த்தால் பிரேக் பிடிக்க வேண்டிய இடம் பின்னால் போயிருக்கும். சுவிட்சுகளைப் பதித்த பட்டன் பாக்ஸ் என்ற பெட்டி தேவைப்படுவது இதற்காகத்தான். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் விரல் தன் வேலையைச் செய்ய வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு குறிப்புக்கும் இதுவே அடிப்படை.

ஜிடி3 கார் ஓட்டுவதற்காக நான் செய்த பெட்டியை வைத்துச் சொல்கிறேன். அதில் 12 சுவிட்சுகள், 4 ரோட்டரி என்கோடர்கள், உள்ளே ப்ரோ மைக்ரோ என்ற ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. முதல்முறை செய்பவருக்கு இந்த அளவு போதும்.

செய்ய வேண்டியவை

1. கடைக்குப் போகும் முன் பட்டியல் எழுதுங்கள். ஒரு முழுப் பந்தயம் ஓட்டிவிட்டு, கை எதற்கெல்லாம் கீபோர்டுக்குப் போனது என்று குறியுங்கள். அதை மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் தொடுபவை (டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ், பிரேக் பயாஸ்), எப்போதாவது தொடுபவை (வைப்பர், விளக்கு, பிட் லிமிட்டர்), தவறித் தொட்டால் பந்தயமே போய்விடுபவை (இக்னிஷன்). முதல் வகை ஸ்டீயரிங்குக்கு மிக அருகில் வரட்டும். இரண்டாவது வகை சற்றுத் தள்ளி இருக்கலாம். மூன்றாவது வகைக்கு மூடி போட்ட சுவிட்ச் வேண்டும்.

2. வேலைக்கு ஏற்ற சுவிட்சைத் தேர்ந்தெடுங்கள். கூட்டிக் குறைக்க வேண்டியதற்கு என்கோடர், ஒருமுறை தட்டினால் போதும் என்பதற்கு புஷ் பட்டன், ஆன் - ஆஃப் மட்டும் உள்ளதற்கு டாகிள். சில விளையாட்டுகளில் வைப்பரும் ஹெட்லைட்டும் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு நிலை மாறிக்கொண்டே போகும். அங்கே டாகிள் வேண்டாம், பட்டன் போதும். பரவலாகக் கிடைக்கும் ஈசி11 என்கோடர் ஒரு முழுச் சுற்றுக்கு 20 முறை ‘க்ளிக்’ என்று நிற்கும். ஒரு க்ளிக் என்றால் ஒரு படி. மூன்று க்ளிக் திருப்பினால் பிரேக் பயாஸ் மூன்று படி நகர்ந்திருக்கும் என்பது பார்க்காமலே தெரியும். முடிந்தால் கடைக்கு நேரில் போய் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. சுவிட்சின் அழுத்தம் படத்தில் தெரியாது.

3. அட்டையில் மாதிரி செய்யுங்கள். ஷூ பெட்டியின் மூடி போதும். சுவிட்சுகளைச் செருகி, பெட்டி இருக்கப்போகும் இடத்தில் பொருத்தி, ரேசிங் இருக்கையில் உட்கார்ந்து கையுறையோடு கண்ணை மூடித் தொட்டுப் பாருங்கள். ஒரு பட்டனின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 25 மி.மீ. இடைவெளி விட்டால் விரல் இடறாது. இந்த ஒரு மாலை வேலை, தகட்டில் தவறாகத் துளை போடுவதிலிருந்து காப்பாற்றும்.

4. வடிவத்தால் வேறுபடுத்துங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஃபிளாப்பை மடக்க நினைத்த விமானிகள் தவறுதலாகச் சக்கரங்களை மடக்கிவிடுவது உண்டு. இரண்டு கட்டுப்பாடுகளும் அருகருகே, ஒரே மாதிரி இருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர். அவர் சொன்ன தீர்வு எளிமையானது. சக்கரத்துக்கான கைப்பிடியில் சிறு சக்கர வடிவம், ஃபிளாப்புக்கு ஆப்பு வடிவம். சக்கர வடிவக் கைப்பிடியை இன்றைய விமானங்களிலும் பார்க்கலாம். நம் பெட்டிக்கும் அதுவே பாடம். நான்கு என்கோடர்களுக்கும் ஒரே குமிழைப் போடாமல், ஒன்று உயரமாக, ஒன்று தட்டையாக, ஒன்று வரி வெட்டியதாக, ஒன்று முனை நீண்டதாகப் போடுங்கள்.

5. யூஎஸ்பியில் நேரடியாகப் பேசும் போர்டை வாங்குங்கள். ப்ரோ மைக்ரோ, லியோனார்டோ இரண்டிலும் இருப்பது ஏடிமெகா32யூ4 சிப். அதற்கான புரோகிராமை ஏற்றினால் கணினி இதை ஒரு ஜாய்ஸ்டிக்காகவே பார்க்கும். ப்ரோ மைக்ரோவில் 18 பின்கள் கிடைக்கும். சுவிட்சுகளை 4 வரிசை, 4 நெடுவரிசை என்று மேட்ரிக்ஸாகக் கட்டினால் 8 பின்களில் 16 சுவிட்சுகள் அடங்கிவிடும். என்கோடருக்குத் தலா 2 பின்கள் என்று இன்னொரு 8. மொத்தம் 16 போக, 2 பின்கள் மிச்சம். என்கோடரின் தலையை அழுத்தும் சுவிட்சுகள் நான்கையும் மேட்ரிக்ஸின் 16 சுவிட்சுகளுக்குள் சேர்த்துவிடலாம்.

6. மேட்ரிக்ஸில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டயோடு போடுங்கள். முதல் பெட்டியில் நான் இதை விட்டுவிட்டேன். மழை விளக்கு, ஹெட்லைட் இரண்டும் முதல் வரிசையில் டாகிள்கள். அவற்றுக்கு நேர் கீழே, இரண்டாம் வரிசையில் பிட் லிமிட்டரும் இக்னிஷனும் பட்டன்கள். இரவுப் பந்தயம், மழை, இரண்டு டாகிள்களும் ஆனில். பிட்டுக்குள் நுழையும்போது லிமிட்டரை அழுத்தினேன், எஞ்சின் அணைந்துவிட்டது. ஒரு சதுரத்தின் மூன்று மூலைச் சுவிட்சுகள் மூடியிருந்தால், மின்சாரம் அந்த மூன்றின் வழியாகச் சுற்றிவந்து நான்காவதும் அழுத்தப்பட்டதாகப் போர்டுக்குக் காட்டும். பட்டன்கள் மட்டும் இருக்கும் பெட்டியில் மூன்றைச் சேர்த்து அழுத்துவது அரிது. டாகிள் நிலையாக மூடியே இருப்பதால் இந்தப் பேய் அழுத்தம் அடிக்கடி வரும். 1என்4148 என்ற சிறிய டயோடு மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விட்டு இதைத் தடுக்கிறது. டயோடின் ஒரு முனையில் கறுப்புக் கோடு இருக்கும். எல்லாக் கோடுகளும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துச் சோதித்துத் திசையை உறுதிசெய்த பிறகு மற்றவற்றைச் சால்டர் செய்யுங்கள்.

7. டாகிளைத் தட்டலாக மாற்றும்படி புரோகிராம் எழுதுங்கள். பெரும்பாலான விளையாட்டுகள் எதிர்பார்ப்பது ஒரு தட்டலை. டாகிளை மேலே தள்ளி விட்டுவிட்டால், பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பதாக விளையாட்டு நினைக்கும். சுவிட்ச் நிலை மாறும் ஒவ்வொரு முறையும், மேலே போனாலும் கீழே வந்தாலும், சுமார் 100 மில்லிநொடி மட்டும் அழுத்தி விட்டதாக அனுப்பச் சொல்லுங்கள். பந்தயம் தொடங்கும் முன் எல்லா டாகிள்களையும் கீழே தள்ளிவிடும் பழக்கமும் வேண்டும். இல்லாவிட்டால் சுவிட்ச் ஒன்று சொல்லும், கார் வேறொன்று செய்யும்.

8. ஒவ்வொரு கட்டத்திலும் சோதியுங்கள். ஒரு வரிசை சால்டர் செய்து முடித்ததும் மல்டிமீட்டரை ‘பீப்’ ஒலியில் வைத்துத் தொடர்பைப் பாருங்கள். பிறகு விண்டோஸில் உள்ள கேம் கன்ட்ரோலர் சோதனைப் பக்கத்தைத் திறந்து அழுத்திப் பாருங்கள். அந்தந்த எண் ஒளிரும். அந்தப் பக்கம் 32 பட்டன்கள் வரைதான் காட்டும். நம் பெட்டிக்கு 16 சுவிட்சுகள், என்கோடர் இரு பக்கமும் திரும்புவதற்கு 8, ஆக 24 போதும்.

9. வயர் வரைபடத்தை மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். வரிசைக்கு ஒரு நிறம், நெடுவரிசைக்கு வேறு நிறம். ஆறு மாதம் கழித்து ஒரு பட்டன் வேலை செய்யாதபோது இதன் அருமை தெரியும்.

செய்யக்கூடாதவை

1. கையில் இருக்கிறதே என்று ஊனோ ஆர்3 போர்டை எடுக்காதீர்கள். அதன் முதன்மைச் சிப்புக்கு யூஎஸ்பி பேசத் தெரியாது. வேறொரு சிப் அதற்காக மொழிபெயர்த்துத் தருகிறது. அந்த இரண்டாவது சிப்பின் ஃபர்ம்வேரையே மாற்றினால் ஒழிய, கணினிக்கு அது ஜாய்ஸ்டிக்காகத் தெரியாது.

2. போர்டுக்குப் புரோகிராம் ஏற்றும்போது வகையைத் தவறாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். ப்ரோ மைக்ரோவில் 5 வோல்ட் - 16 மெகாஹெர்ட்ஸ், 3.3 வோல்ட் - 8 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு உண்டு. மாற்றி ஏற்றிவிட்டால் கணினிக்குப் போர்டே தெரியாமல் போகலாம். உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் வேகமாக இரண்டு முறை தொடச் செய்தால் போர்டு சுமார் 8 நொடி விழித்திருக்கும். அதற்குள் சரியான வகையைத் தேர்ந்து மறுபடி ஏற்றுங்கள்.

3. என்கோடர் திரும்பும் வயர்களை மேட்ரிக்ஸில் கலக்காதீர்கள். அதன் இரண்டு வயர்களும் முன்பின்னாக மாறும் வரிசையை வைத்துத்தான் எந்தப் பக்கம் திரும்பியது என்று போர்டு அறிகிறது. மேட்ரிக்ஸ் தன் முறை வந்து பார்ப்பதற்குள் அந்த மாற்றம் தவறிவிடலாம். நேரடிப் பின் கொடுங்கள்.

4. அக்ரிலிக் தகட்டில் ஒரே மூச்சில் பெரிய துளை போடாதீர்கள். விரிசல் விட்டுவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் குறியிட்டு, அடியில் மரப்பலகை வைத்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, ஸ்டெப் டிரில் பிட்டால் மெதுவான வேகத்தில் அகலப்படுத்துங்கள். நட்டை முறுக்கும்போதும் பலம் காட்டாதீர்கள்.

5. சால்டரிங் அயர்னைச் சுவிட்சின் காலில் நெடுநேரம் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகினால் சுவிட்ச் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தொட்டால் பாதி நேரம் வேலை செய்யாது. வயருக்கும் காலுக்கும் முதலில் தனித்தனியாக ஈயம் பூசிக்கொண்டால், இணைக்க இரண்டு மூன்று நொடி போதும். போர்டைக் கணினியில் செருகியபடி சால்டர் செய்யவே கூடாது. சன்னலைத் திறந்து வையுங்கள், புகையை முகராதீர்கள்.

6. போர்டின் யூஎஸ்பி சாக்கெட்டில் வெளிக் கேபிளை நேரடியாகச் செருகாதீர்கள். ப்ரோ மைக்ரோவின் மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட் கொஞ்சம் இழுத்தாலே பிய்ந்துவிடும். பெட்டிச் சுவரில் திருகி மாட்டும் யூஎஸ்பி இணைப்பு கிடைக்கிறது. இழுப்பு அதோடு நின்றுவிடும். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளையும் தவிர்த்துவிடுங்கள். அதில் டேட்டா வயரே இருக்காது.

7. எல்இடியை ரெசிஸ்டர் இல்லாமல் இணைக்காதீர்கள். 220 அல்லது 330 ஓம் போடுங்கள். ஒளிரும் பட்டன் வாங்கும்போது 12 வோல்ட்டுக்கானதா என்று கேளுங்கள். யூஎஸ்பியில் வருவது 5 வோல்ட்தான்.

8. அழகுக்காகப் பட்டன் சேர்க்காதீர்கள். வேலை இல்லாத ஒவ்வொரு பட்டனும், வேலை உள்ள பட்டனை விரல் தேடும்போது குறுக்கே நிற்கும்.

கடைசியாக ஒரு சோதனை

பெட்டியை மாட்டி முடித்த இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு இருக்கையில் உட்கார்ந்தேன். கதவோரம் நின்று, போன் வெளிச்சத்தில் பட்டியலைப் பார்த்து என் தங்கை ஒவ்வொன்றாகச் சொன்னாள். “வைப்பர்.” “ஏபிஎஸ் குறை.” “பிட் லிமிட்டர்.” 24-இல் இரண்டு தவறின. இரண்டுமே பக்கத்துப் பக்கத்து என்கோடர்கள், இரண்டிலும் ஒரே மாதிரிக் குமிழ். மறுநாள் ஒன்றின் குமிழை மாற்றினேன். அடுத்த இரவு ஒன்றுகூடத் தவறவில்லை.

லேபிள் ஒட்டுவதும் வண்ணம் பூசுவதும் அதற்குப் பிறகு இருக்கட்டும். இருட்டில் விரல் தேறிய பிறகுதான் உங்கள் பெட்டி பந்தயத்துக்குத் தயார்.