ஒரே பள்ளி, இரண்டு ஆய்வுகள்

பொருளியல் துறையில் இறுதியாண்டு பயிலும் மாணவன் நான். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். முதலாம் படிவத்தின் முதல் வாரத்தில் மலாய்மொழியில் இருந்த அறிவியல் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். மூன்று வரி தாண்டுவதற்குள் வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதனால் ஆய்வேட்டிற்குத் தலைப்புத் தேடவேண்டிய நாள் வந்தபோது எனக்கு அதிகம் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. தமிழ்ப்பள்ளி ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பத்து வாரம் மலாய் வாசிப்புப் பயிற்சி கொடுப்பது, அதனால் பயன் உண்டா என்று அளப்பது. இதைத்தான் தாக்க மதிப்பீடு என்கிறோம்.

தாக்க மதிப்பீட்டின் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: இந்தத் திட்டம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதை நேரில் பார்க்க வழியில்லை. ஆகவே திட்டம் எட்டாத, மற்றபடி ஒத்த நிலையில் உள்ள வேறொரு குழுவைப் பார்க்கிறோம். அதுவே ஒப்பீட்டுக் குழு. நான் மோட்டாரில் இருபது நிமிடத் தொலைவில் இருந்த இரண்டு தோட்டப் பள்ளிகளை எடுத்துக்கொண்டேன். ஒன்றில் புதன்கிழமை தோறும் பயிற்சி. மற்றதில் தொடக்கத் தேர்வும் இறுதித் தேர்வும் மட்டும்.

பத்து வாரம் முடிந்தது. தாள்களைத் திருத்திக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு பள்ளிகளிலும் மதிப்பெண் ஏறக்குறைய ஒரே அளவு உயர்ந்திருந்தது. என் மேற்பார்வையாளர் அட்டவணையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "உங்கள் பயிற்சியால் பயனில்லை என்றுதானே இது சொல்கிறது?" என்றார். பத்துப் புதன்கிழமைகள் மழையில் நனைந்து போனவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நன்றி சொல்வதற்காக ஒப்பீட்டுப் பள்ளிக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. சிற்றுண்டிச்சாலையில் ஒரு பையன் என்னிடம், "அண்ணா, இதே மாதிரி தாள் அந்த அக்காவும் கொடுத்தாங்க" என்றான். எந்த அக்கா? தலைமையாசிரியையிடம் ஓடினேன். "சனிக்கிழமை தோறும் வேற யூனிவர்சிட்டி பிள்ளைங்க வந்து வாசிப்பு சொல்லிக் கொடுக்கிறாங்களே தம்பி. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. நீங்க கேட்கவே இல்லையே!" என்றார்.

கேட்கவில்லை. உண்மைதான். பள்ளியில் ஆய்வு செய்ய முறைப்படி அனுமதி பெற்றேன், பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினேன், வினாத்தாளை மூன்று முறை திருத்தினேன். 'இங்கே வேறு யாராவது வருகிறார்களா?' என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

அந்த மாணவிகளின் தலைவியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர்களும் தங்கள் திட்டத்தை மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஒப்பீட்டுப் பள்ளி எது தெரியுமா? நான் புதன்கிழமை தோறும் சென்ற பள்ளி! அவர்கள் அட்டவணையும் 'பயனில்லை' என்றே சொல்லியிருந்தது. இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்க ஒரு வாரம் ஆயிற்று.

இதற்குப் பிறகுதான், பெரிய ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். என்னை அதிகம் ஈர்த்தது கென்யா நாட்டின் மேற்கு எல்லையில், விக்டோரியா ஏரிக்கு அருகே உள்ள புசியா மாவட்டம்.

புசியாவில் நடந்தது

புசியாவின் தொடக்கப்பள்ளிகளில் 1990களின் நடுப்பகுதி முதல் ஆய்வுக்குமேல் ஆய்வு நடந்தது. பாடநூல் கொடுத்தால் தேர்ச்சி உயருமா என்று ஓர் ஆய்வு. சுவரில் மாட்டும் பாடப் படத்தாள்கள் கொடுத்தால் உயருமா என்று ஓர் ஆய்வு. பிறகு குடற்புழு மருந்து. பிறகு மாணவிகளுக்கு உபகாரச் சம்பளம். பலவற்றிலும் பொருளியல் அறிஞர் மைக்கல் கிரேமருக்குப் பங்குண்டு. 2019இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் அவர். களத்தில் திட்டங்களை நடத்தியது ஐ.சி.எஸ். என்ற டச்சுத் தொண்டு நிறுவனம்.

குடற்புழு ஆய்வை கிரேமரும் எட்வர்ட் மிகேலும் 1998இல் தொடங்கினார்கள். 75 பள்ளிகள், 30,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுக்க இயலாது. ஆகவே பள்ளிகளை 25, 25, 25 என்று பிரித்து, முதல் குழுவுக்கு 1998இலும், இரண்டாம் குழுவுக்கு 1999இலும், மூன்றாம் குழுவுக்கு 2001இலும் கொடுக்கத் தொடங்கினர். காத்திருக்கும் பள்ளிகளே ஒப்பீட்டுப் பள்ளிகள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் இதுதான். அந்த 75 பள்ளிகளில் 27 பள்ளிகள் ஏற்கெனவே பாடநூல் உதவி, வகுப்பறைக் கட்டட உதவி போன்ற வேறு திட்டங்களில் இருந்தவை. நான் என்ன செய்திருப்பேன்? அதைக் கவனித்திருக்கவே மாட்டேன். கவனித்திருந்தால், 'தூய்மையான' பள்ளிகள் வேண்டும் என்று அந்த 27ஐயும் நீக்கியிருப்பேன். அவர்கள் நீக்கவில்லை. வட்டாரம் எது, வேறு உதவி பெறுகிறதா இல்லையா என்று பார்த்து முதலில் பள்ளிகளை வகை பிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு வகையிலும் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, மூன்றில் ஒன்றாக எடுத்துக் குழுக்களில் சேர்த்தார்கள். வேறு உதவி பெற்ற பள்ளிகள் மூன்று குழுக்களிலும் பரவலாக விழுந்தன. பாடநூலால் வரும் உயர்வு எந்தக் குழுவுக்கும் தனிச் சலுகையாக அமையவில்லை. பிறர் வேலையைத் தடுக்காமலும் அதைக் கண்டுகொள்ளாமல் விடாமலும் தம் கணக்கிற்குள் அதற்கு இடம் ஒதுக்கினார்கள். இதற்குக் கணினியோ கடினமான சூத்திரமோ தேவைப்படவில்லை. யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒன்றே தேவைப்பட்டது. பல திட்டங்களையும் நடத்தியது ஒரே நிறுவனம் என்பதால் அந்தப் பட்டியல் அவர்களுக்கு எளிதில் கிடைத்திருக்கும். நமக்கு அந்த வசதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பட்டியல் இருந்தாலும் எல்லாம் அடங்கிவிடாது. குடற்புழு மண்ணின் வழியாகப் பரவுவது. மருந்து உண்ட பிள்ளைகளிடமிருந்து முட்டைகள் மண்ணில் விழுவது குறைந்ததால், மருந்து உண்ணாத பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கும்கூடத் தொற்று குறைந்தது. அப்படியானால் 'எட்டாத' பள்ளியும் ஓரளவு எட்டப்பட்ட பள்ளியே. இதைக் கணக்கில் எடுக்காமல் நேராக ஒப்பிட்டால் மருந்தின் பயன் குறைவாகவே தெரியும். 2004இல் வெளியான அவர்களின் கட்டுரையின் மையக் கருத்தே இதுதான். பிற்காலத்தில் வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளைப் பெற்று மீண்டும் கணக்கிட்டு, தொலைவில் உள்ள பள்ளிகள் பற்றிய கணக்கில் பிழைகளைக் கண்டார்கள். அந்த விவாதம் 2015இல் சூடு பிடித்தது. தரவுகளைப் பகிர்ந்ததால்தான் பிழை வெளியே வந்தது.

இன்னொரு நிகழ்ச்சி, கதை போலவே இருக்கும். மாணவிகளுக்கான உபகாரச் சம்பளத் திட்டம் 2001இல் புசியாவிலும் பக்கத்து டேசோ மாவட்டத்திலும் தொடங்கியது. அதே ஆண்டு டேசோவில் ஒரு தொடக்கப்பள்ளியில் இடி விழுந்து மாணவர்கள் இறந்துபோனார்கள். அந்தப் பள்ளி உபகாரச் சம்பள ஆய்விலேயே இல்லை. ஆனால் அதே தொண்டு நிறுவனம் அங்கே வேறொரு உதவியைச் செய்திருந்தது. மக்களில் சிலர் இடியையும் நிறுவனத்தையும் முடிச்சுப் போட்டார்கள். விளைவு, டேசோவில் சில பள்ளிகள் உபகாரச் சம்பளத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டன. அங்கே கிடைத்த தரவுகளும் பலவீனமாயின. ஒரு திட்டத்தின் நிழல் இன்னொரு திட்டத்தின் மேல் இப்படியும் விழும்! அறியாமை என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஊர் மக்களுக்குத் திட்டம் 1, திட்டம் 2 என்றெல்லாம் கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் அவர்களுக்கு 'அந்த ஆட்கள்'தான். எங்கள் தோட்டத்துப் பையனுக்கு நானும் அந்த அக்காவும் ஒன்றாகவே தெரிந்தது போல.

நம்மால் செய்யக்கூடியது

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. இருந்தும் நம் மாணவர் சங்கங்கள் பெரும்பாலும் வளாகத்திற்குப் பக்கத்தில், பேருந்து திரும்ப இடம் உள்ள பள்ளிகளாகப் பார்த்துப் போகின்றன என்பது என் அனுபவம். எனவே மோதல் தற்செயலானதன்று.

நாங்கள் இரு குழுவினரும் முன்கூட்டியே பேசியிருந்தால் என்ன செய்திருக்கலாம்? 40 பள்ளிகள் கிடைத்திருந்தால் நான்காகப் பிரித்திருக்கலாம்: 10 பள்ளிகளில் என் பயிற்சி, 10இல் அவர்கள் பயிற்சி, 10இல் இரண்டும், 10இல் இப்போதைக்கு எதுவுமில்லை, அடுத்த ஆண்டு. ஒவ்வொன்றின் பயனும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் கூடுகிறதா என்பதும் தெரியும். எங்களிடம் இருந்தவை இரண்டே பள்ளிகள். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இந்த வித்தை பலிக்காது. ஆனால் ஒரே தேர்வுத்தாளைப் பொதுவாக வைத்திருக்கலாம். அந்தப் பிள்ளைகள் பத்து வாரத்தில் நான்கு தேர்வு எழுதியிருக்க வேண்டாம். என் மதிப்பெண்ணைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது அதுதான்.

தலைமையாசிரியையிடம், "என் ஆய்வு முடியும்வரை வேறு யாரையும் விடாதீர்கள்" என்று கேட்டிருக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் அட்டவணை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளைக்குச் சனிக்கிழமை வகுப்பு ஏன் நிற்க வேண்டும்? இடம் கொடுக்க வேண்டியது நான்தான்.

பிறருடைய ஆய்வைப் பற்றி எங்கே அறிவது? அமெரிக்கப் பொருளியல் கழகம் 2013இல் ஆய்வுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளையும் அதில் பார்க்கலாம். நம்மைப் போன்றோரின் சனிக்கிழமை வகுப்புகளை அதில் யார் பதியப்போகிறார்கள்? இங்கே தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கம், பள்ளிக் காவலாளி ஆகியோரே நம் பதிவேடு. எங்கள் வட்டாரத்தில் காவலாளிக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது. பட்டியலைப் பகிரும்போது பள்ளி, வகுப்பு, தேதி போதும். பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் கைமாறக் கூடாது. அவற்றை நம்மிடம் நம்பிக் கொடுத்த பெற்றோர் இன்னொரு குழுவிடம் கொடுக்கவில்லை.

என் ஆய்வேட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். 'பயனில்லை' என்ற சொல்லை எடுத்துவிட்டு, இரு பயிற்சிகளுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை என்று மட்டும் மாற்றினேன். ஏ கிடைக்கவில்லை.

அந்த மாணவிகளும் நாங்களும் சேர்ந்து இப்போது ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். எந்தப் பள்ளி, எந்தக் கிழமை, எந்த ஆண்டு மாணவர்கள், என்ன பயிற்சி, எப்போது தேர்வு என்று ஐந்தே பத்திகள். இதுவரை ஒன்பது பள்ளிகள் ஏறியிருக்கின்றன. வரும் பருவத்தில் உங்கள் சங்கம் செல்லவிருக்கும் பள்ளியையும் எழுதிக் கொடுங்கள். முன்னாள் மாணவர்களாகிய ஆசிரியர்கள், உங்கள் பள்ளிக்கு யார் யார் வருகிறார்கள் என்பதை ஒரு வரியில் தெரிவித்தாலும் போதும்; சேர்த்துக்கொள்கிறோம்.